தொலைநோக்கிக்கு முதலில் கால் வேண்டும்

இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள் நம் பெரியோர். தொலைநோக்கியைப் பொறுத்தமட்டில் இந்தப் பழமொழியை நாம் அடியோடு மறந்துவிட்டோம். தொலைநோக்கி என்றதும் எல்லோரும் கேட்பவை இரண்டே கேள்விகள். கண்ணாடி எத்தனை அங்குலம்? எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்? அந்தக் குழாய் எதன்மேல் நிற்கிறது, எப்படித் திரும்புகிறது என்று கேட்பவர் அரிது. குழாயைத் தாங்கி நின்று, வேண்டிய திசைக்குத் திருப்பித் தரும் உறுப்புக்கு ஆங்கிலத்தில் ‘மவுண்ட்’ என்று பெயர். நான் அதைத் ‘தாங்கி’ என்றே குறிப்பிடப் போகிறேன். கண்ணாடிக்கும் முன்னதாகக் கவனிக்க வேண்டியது தாங்கியே; அதிலும் நம் கல்லூரிக்கு இன்று தேவைப்படுவது மரப்பலகையால் நாமே செய்துகொள்ளக்கூடிய எளிய தாங்கிதான் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை ஆசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவ நண்பர்கள் முன்னும் வைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அன்று இரவு நடந்தது

2025 பிப்ரவரித் தொடக்கத்தில் மாலை வானில் வெள்ளி, சனி, வியாழன், செவ்வாய் ஆகிய நான்கு கோள்களும் ஒரே நேரத்தில் தென்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். அதையொட்டி நம் இயற்பியல் துறை விளையாட்டுத் திடலில் வான்நோக்கு நிகழ்ச்சி ஒன்றை நடத்தியது. நான் அப்போது முதலாண்டு மாணவன். பெஞ்சு தூக்குவதும் வரிசையை ஒழுங்குபடுத்துவதும் என் வேலை. துறையின் தொலைநோக்கி நாலரை அங்குல ஆடி உடையது. பளபளக்கும் முக்காலி, சாய்ந்த இரும்புத் தண்டு, அதன் மறுமுனையில் எடைக்குண்டு, எண்கள் பொறித்த இரண்டு வட்டங்கள், நீண்ட திருகுகள் என்று பார்க்கவே மிரட்சியாக இருந்தது.

அந்தத் தாங்கியின் அச்சை வடதுருவத்தை நோக்கி நிறுத்த வேண்டும். நம் ஊர் சுமார் 11 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஆகவே அச்சும் தரைமட்டத்திலிருந்து 11 பாகைதான் உயர்ந்திருக்க வேண்டும். அந்தத் தாங்கியிலோ 20 பாகைக்குக் கீழே திருகு இறங்க மறுத்தது. எங்கள் ஆசிரியர் சளைக்கவில்லை. தெற்குப் பக்கத்துக் கால்கள் இரண்டின் கீழும் இரண்டிரண்டு செங்கற்களை வைத்தார். முக்காலி வடக்கே சாய்ந்தது. அச்சு வேண்டிய கோணத்துக்கு வந்தது. ஆனால் விரல் பட்டாலும் எல்லாம் ஆடியது. துருவ நட்சத்திரத்தைக் கொண்டு சரிபார்க்கலாம் என்றால், அது நூலகக் கட்டடத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது.

வியாழனைப் பிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அன்று அது ஏறக்குறைய உச்சிவானில் இருந்தது. குழாய் புரண்டு திரும்பியதில், கண் வைத்துப் பார்க்கும் இடம் ஆளுயரத்துக்கு மேலே போய்விட்டது. ஸ்டூல் போட்டு ஒவ்வொருவராக ஏற்றினோம். ‘தொடாதீர்கள்! தொடாமல் பாருங்கள்!’ என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன்.

கல்லூரி வாசலில் வேர்க்கடலை விற்கும் பாட்டியும் வரிசையில் நின்றார். ஸ்டூலில் ஏறி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். “பாத்துட்டேன் சாமி, நல்லா இருக்கு” என்று சொல்லி இறங்கிப் போனார். அவருக்கு அடுத்தபடியாக நான் ஏறிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் இருட்டு! வியாழன் எப்போதோ பார்வையை விட்டு நகர்ந்திருந்தது.

பாட்டி ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு உடனே விளங்கிற்று. தெரியவில்லை என்று சொன்னால் குறை தம்முடையதாகிவிடும், பின்னால் நிற்பவர்களுக்குத் தொந்தரவாகிவிடும் என்று எண்ணியிருக்கிறார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். முதல் பருவத்தில் ‘புரிந்ததா?’ என்று கேட்கப்பட்டபோதெல்லாம், புரியாமலேயே தலையாட்டியவன். ஆகவே பாட்டியின் பதில் எனக்கு அந்நியமானதன்று. ஆனால் கருவியின் குறையைத் தன் குறையாக எண்ணி ஒருவர் திரும்பிப் போவது சரிதானா? அன்று முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. தாங்கிகளைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியது அதனால்தான்.

ஏன் நகர்கிறது, ஏன் ஆடுகிறது?

பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 23 மணி 56 நிமிடம் ஆகிறது. ஆகவே வானம் மணிக்கு 15 பாகை, அதாவது நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் மேற்கே நகர்வதுபோல் தோன்றுகிறது. வெறுங்கண்ணுக்கு இந்த நகர்வு தெரிவதில்லை. தொலைநோக்கியில் தெரியும். துறைத் தொலைநோக்கியின் குவியத் தூரம் 900 மில்லிமீட்டர். அதில் 10 மில்லிமீட்டர் கண்ணருகு வில்லையை வைத்தால் உருப்பெருக்கம் 90 மடங்கு. அந்த வில்லையின் பார்வைப் புலம் 50 பாகை என்று கொண்டால், வானத்தில் நாம் பார்ப்பது 50-ஐ 90-ஆல் வகுத்த அளவு, அதாவது அரைப் பாகைக்குச் சற்று அதிகம். முழுநிலவின் அகலம் அவ்வளவுதான். வியாழனைச் சரியாக நடுவில் வைத்துவிட்டு நாம் விலகினால், ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் அது விளிம்பைத் தாண்டிவிடும். ஒருவர் ஸ்டூலை விட்டு இறங்கி, அடுத்தவர் ஏறி, எந்தக் கண்ணை மூடுவது என்று தீர்மானிப்பதற்குள் அந்த நேரம் போய்விடுகிறது.

அடுத்தது ஆட்டம். வியாழனின் கோண விட்டம் அப்போது ஒரு பாகையில் ஏறத்தாழ எண்பத்தைந்தில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் நீளமுள்ள குழாயின் நுனி வெறும் 0.2 மில்லிமீட்டர் விலகினாலே வியாழன் தன் முழு அகலத்துக்கு இடம் மாறிவிடும். 90 மடங்கு உருப்பெருக்கம் என்றால் கோளை மட்டுமா பெருக்குகிறது? ஆட்டத்தையும் 90 மடங்கு பெருக்குகிறது. கடைக்குப் போய்த் தொலைநோக்கி வாங்கும் நண்பர்கள் ஒரு சிறு சோதனையைச் செய்து பார்க்கலாம். தொலைவிலுள்ள ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டே குழாயை விரலால் மெல்லத் தட்டுங்கள். ஓரிரு வினாடியில் காட்சி அடங்கினால் தாங்கி நல்லது. ஐந்தாறு வினாடி அதிர்ந்துகொண்டே இருந்தால், கண்ணாடி எவ்வளவு உயர்ந்ததானாலும் அதை வாங்க வேண்டாம்.

இரண்டு வகைத் தாங்கிகள்

எத்தனையோ வடிவங்கள் இருந்தாலும் தாங்கிகளை இரண்டு இனங்களில் அடக்கிவிடலாம். எந்தத் தாங்கிக்கும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு அச்சுகள் வேண்டும். அந்த அச்சுகளை எப்படி நிறுத்துகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

முதல் வகையில் ஓர் அச்சு நேர் செங்குத்தாக நிற்கும். மற்றது கிடைமட்டமாக இருக்கும். குழாயை இடம் வலமாகத் திருப்பலாம். மேலும் கீழுமாக உயர்த்தலாம். பீரங்கி இப்படித்தான் திரும்புகிறது. நம் கழுத்தும் இப்படித்தான் திரும்புகிறது. ஆங்கிலத்தில் இதை ‘ஆல்ட்-அசிமத்’ என்பர். நாம் ‘நேர்த்தாங்கி’ என்று அழைப்போம்.

இரண்டாம் வகையில் முதல் அச்சை பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்துவிடுவார்கள். பூமி கிழக்கே சுற்றும் வேகத்திலேயே இந்த ஓர் அச்சை மேற்கே சுற்றினால் போதும். விண்மீன் பார்வையிலேயே நிற்கும். இது ‘ஈக்வடோரியல்’. இதை நாம் ‘துருவத்தாங்கி’ என்போம். நம் துறையில் இருப்பது இந்த இனம்.

இந்த வேறுபாடு எளிதில் விளங்க, திருவிழா ராட்டினங்களை நினைத்துப் பாருங்கள். குடை ராட்டினத்தின் அச்சு நேராக நிற்கும். குதிரைகள் தரைக்கு இணையாகச் சுற்றும். துருவத்தில் நிற்பவனுக்கு வானம் அப்படித்தான் சுற்றும். ஜயண்ட் வீலின் அச்சோ படுத்திருக்கும். தொட்டில்கள் ஒரு பக்கம் நேராக மேலே ஏறி, மறுபக்கம் நேராகக் கீழே இறங்கும். பூமத்திய ரேகையில் நிற்பவனுக்கு வானம் அப்படித் தோன்றும். கன்னியாகுமரி 8 பாகையிலும், திருச்சி 10.8 பாகையிலும், சென்னை 13 பாகையிலும் இருக்கின்றன. ஆகவே நம் தமிழகத்து வானம் ஏறக்குறைய ஜயண்ட் வீல்தான். நம் நாட்டில் துருவத்தாங்கியின் அச்சு கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

சிக்கலும் இங்கேதான் பிறக்கிறது. கடைகளில் கிடைக்கும் சிறு துருவத்தாங்கிகள் பெரும்பாலும் 35 பாகை முதல் 55 பாகை வரையுள்ள அட்சரேகைகளில் நன்றாக நிற்கும்படி அமைந்தவை. அங்கே அச்சு பாதி சாய்வாக நிற்கும். பாரம் முக்காலியின் நடுவே இறங்கும். அதே தாங்கியை 11 பாகைக்குத் தாழ்த்தினால், பாரம் நடுவை விட்டு ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. எடைக்குண்டின் தண்டு முக்காலியின் காலில் இடிக்கிறது. துருவ நட்சத்திரமோ அடிவானத்துத் தூசியிலும் மரங்களின் மறைவிலும் ஒளிந்துகொள்கிறது. அன்றைய செங்கற்களின் கதை இதுதான். எங்கள் ஆசிரியரிடம் குறையில்லை, எங்களிடமும் இல்லை. யாரோ ஒருவர் ஊர் வானத்துக்குத் தைத்த சட்டையை நம் வானத்துக்கு மாட்ட முயன்றோம்.

வரலாறு சொல்வது என்ன?

துருவத்தாங்கியை இழித்துரைப்பது என் நோக்கமன்று. வானியலின் வரலாற்றில் அதன் பங்கு பெரிது. 1824-இல் ஜெர்மானியக் கண்ணாடிக் கலைஞர் பிரான்ஹோபர், இன்று எஸ்தோனியாவில் டார்ட்டு என வழங்கும் டோர்பாட் நகருக்கு 9 அங்குலத் தொலைநோக்கி ஒன்றைச் செய்து தந்தார். எடைக்குண்டால் சமநிலைப்படுத்திய அதன் துருவத்தாங்கியைக் கடிகார இயந்திரம் ஒன்று தானாகவே சுழற்றியது. ஸ்துரூவே என்ற வானியலர் அதைக் கொண்டு ஆயிரக்கணக்கான இரட்டை விண்மீன்களை ஆராய்ந்தார். நம் துறை அலமாரியில் இருக்கும் தாங்கி அந்தத் தாங்கியின் வழி வந்ததே. 1948-இல் அமெரிக்காவின் பாலோமர் மலையில் திறக்கப்பட்ட 200 அங்குலத் தொலைநோக்கியும், 1986-இல் நம் ஜவ்வாது மலையில் காவலூரில் தொடங்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும் துருவத்தாங்கியில் நிற்பவையே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காவலூர்த் தொலைநோக்கியின் தாங்கி அந்த இடத்தின் 12½ பாகை அட்சரேகைக்கென்றே அமைக்கப்பட்டது. அங்கே செங்கல்லுக்கு வேலையில்லை.

மறுபக்கத்தையும் பார்ப்போம். 1781-இல் இங்கிலாந்தின் பாத் நகரில், இசையைத் தொழிலாகக் கொண்டிருந்த வில்லியம் ஹெர்ஷல், தம் வீட்டுத் தோட்டத்தில் நின்று யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தார். அவர் பார்த்தது ஆறு அங்குலத்துக்குச் சற்று அதிகமான ஆடியை மரச்சட்டத்தில் ஏற்றிய கருவியில். அது நேர்த்தாங்கிதான், கடிகார இயந்திரம் கிடையாது. கையால் திருப்பிப் பார்த்தவர் ஒரு புதிய கோளையே கண்டார் அல்லவா?

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சக்கரம் மறுபடியும் சுழன்றது. கண்ணாடி பெரிதாகப் பெரிதாக, சாய்ந்த அச்சில் அத்தனை பாரத்தை வளையாமல் தாங்குவது கடினமாயிற்று. நேர்த்தாங்கியில் பாரம் நேராகக் கீழே இறங்குகிறது. ஆகவே தாங்கியை எளிதாகவும் சிக்கனமாகவும் கட்டலாம். இரண்டு அச்சுகளையும் மாறிமாறி வரும் வேகங்களில் சுழற்ற வேண்டும் என்பதே தடையாக இருந்தது. கணிப்பொறி அந்தத் தடையை நீக்கியது. 1975-இல் அன்றைய சோவியத் நாடு காக்கசஸ் மலைப்பகுதியில் அமைத்த 6 மீட்டர் தொலைநோக்கி நேர்த்தாங்கியில் நின்றது. அதன்பின் ஹவாய்த் தீவின் 10 மீட்டர் கெக் தொலைநோக்கிகள் முதலாகப் பெரிய தொலைநோக்கிகள் அநேகமாக எல்லாம் இவ்வழியையே பின்பற்றுகின்றன. 2016-இல் நைனிடால் அருகே தேவஸ்தலில் தொடங்கப்பட்ட நம் நாட்டின் 3.6 மீட்டர் தொலைநோக்கியும் நேர்த்தாங்கிதான். ஆகவே நேர்த்தாங்கி ஏழைகளின் மாற்று வழி என்றோ, விளையாட்டுப் பொருள் என்றோ எவரும் எண்ண வேண்டாம்.

நிற்க. தாங்கியின் அருமை நம் மண்ணுக்குப் புதிதன்று. சென்னை நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792-இல் மதராஸ் வானாய்வகத்தின் கருவியைத் தாங்குவதற்காக நிறுத்தப்பட்ட தூண் அது. எடை சுமார் 10 டன். தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் அதில் கல்வெட்டு பொறித்திருக்கிறார்கள். மேலே வைத்த கருவி சிறியது. அதைத் தாங்கிய கல்லோ பத்து டன்! கருவி போய்விட்டது, தாங்கி இன்றும் நிற்கிறது.

துறவி செய்த பெட்டி

நான் பரிந்துரைக்கும் தாங்கியின் பெயர் டாப்சன் தாங்கி. இதை நாடறியச் செய்தவர் ஜான் டாப்சன். 1915-இல் பீகிங் நகரில் பிறந்து, கலிபோர்னியாவில் வேதியியல் படித்தவர். 1944-இல் சான்பிரான்சிஸ்கோவில் இராமகிருஷ்ண மடத்தைச் சார்ந்த வேதாந்த மடாலயத்தில் துறவியாகச் சேர்ந்தார். அங்கே இருக்கும்போதுதான் தொலைநோக்கி செய்யத் தொடங்கினார். கையில் காசில்லை. பழைய கப்பல்களின் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கினார். அட்டைக் குழாயை உடலாக்கினார். பலகைப் பெட்டியைத் தாங்கியாக்கினார். அதை உருட்டிக்கொண்டுபோய் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டினார். இதில் செலவிட்ட நேரமே பிணக்காகி, 1967-இல் மடாலயத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. மறு ஆண்டே நண்பர்களுடன் சேர்ந்து, நடைபாதையில் தொலைநோக்கியை நிறுத்தி வழிப்போக்கர்களுக்கு வானம் காட்டும் சங்கத்தைத் தொடங்கினார். தம் அமைப்புக்குக் காப்புரிமை வாங்கவில்லை. 2014-இல் மறையும்வரை இதே வேலை.

அந்தத் தாங்கியில் என்ன இருக்கிறது? தரையில் ஒரு பலகை. அதன்மேல் மூன்று சிறு டெப்லான் துண்டுகள். அவற்றின்மேல் அடியில் சன்மைக்கா ஒட்டிய, மேற்புறம் திறந்த ஒரு பெட்டி. நடுவில் ஒரே ஒரு போல்ட்டைச் சுற்றி இது ஆட்டுக்கல் குழவிபோல் சுழலும். பெட்டியின் இரு பக்கச் சுவர்களிலும் அரைவட்டப் பள்ளம். குழாயின் இருபுறமும் பொருத்திய வட்டத் துண்டுகள் அந்தப் பள்ளத்தில் டெப்லான்மேல் அமர்ந்து மேலும் கீழும் உருளும். குழாயின் எடைமையம் அந்த வட்டங்களின் நடுவே இருப்பதால் எடைக்குண்டே வேண்டாம். அவ்வளவுதான்!

எளிமைக்குள் இயற்பியலும் இருக்கிறது. மூன்று புள்ளிகள் ஒரு தளத்தைத் தீர்மானிக்கும் என்பதால் மூன்று துண்டுகள். நான்கு வைத்தால் மேசைபோல் ஆடும். பொதுவாக ஒரு பொருளை நகர்த்தத் தொடங்க அதிக விசையும், நகர்ந்தபின் குறைந்த விசையும் தேவை. அதனால் மெல்லத் தள்ளினால் நகராது; சற்று அழுத்தினால் குதித்துவிடும். டெப்லானில் நிலை உராய்வும் இயக்க உராய்வும் ஏறத்தாழச் சமம். ஆகவே விரலால் தள்ளினால் குழாய் குதிக்காமல் நகரும். விட்டால் விட்ட இடத்தில் நிற்கும். கால்களே இல்லாமல் பெட்டி தரையோடு தரையாக அமர்ந்திருப்பதால் அதிர்வதற்கும் இடமில்லை. வடக்கு எது, துருவ நட்சத்திரம் எங்கே என்று தேட வேண்டியதில்லை. கன்னியாகுமரியிலும் காசியிலும் ஒரே பெட்டி வேலை செய்யும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. துருவத்தாங்கியின் அருகே நின்று நான் இரவெல்லாம் ‘தொடாதீர்கள்’ என்று கத்தினேன். டாப்சன் தாங்கியிலோ ‘தொட்டுத் தள்ளுங்கள்’ என்று சொல்ல வேண்டும். வியாழன் ஓரத்துக்குப் போகிறதா? பார்ப்பவரே குழாயை மெல்ல நகர்த்தி நடுவே கொண்டுவரலாம். இரண்டு முறை செய்தால் கை பழகிவிடும். பூமி சுழல்வதை அப்போது அவர் தம் விரலாலேயே உணர்கிறார். பாடப்புத்தகத்தில் நாம் மனப்பாடம் செய்த உண்மை அது!

மறுப்புகளுக்கு மறுமொழி

இதற்கு எழக்கூடிய மறுப்புகளையும் நான் எண்ணிப் பார்த்தேன். டாப்சன் தாங்கியில் நீண்ட நேரம் ஒளி வாங்கிப் புகைப்படம் எடுக்க முடியாது என்பது உண்மைதான். நேர்த்தாங்கியில் விண்மீனைத் தொடர்ந்து சென்றாலும் காட்சி மெல்லத் தன்னைத்தானே சுழலும். படம் வளைந்து கோடாகும். நிழற்படத்துக்கும் நுட்பமான அளவீட்டுக்கும் துருவத்தாங்கியே உகந்தது. ஆகவே துறையில் இருப்பதைக் கைவிடச் சொல்லவில்லை. செங்கல்லுக்குப் பதிலாக 9 பாகைச் சரிவுள்ள உறுதியான இரும்பு ஆப்பு ஒன்றைச் செய்து, அதை மொட்டை மாடியில் சிமெண்டுத் தூணில் நிரந்தரமாகப் பொருத்துவோம். மூன்றாமாண்டு மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களுக்கு அது பயன்படட்டும்.

உச்சிவானில் டாப்சன் தாங்கிக்கும் ஒரு சங்கடம் உண்டு. நேர் உச்சிக்கு அருகிலுள்ள பொருளைப் பின்தொடர, சிறு நகர்வுக்கும் பெட்டியைப் பெரிய கோணத்தில் சுழற்ற வேண்டும். அன்றைய வியாழன் உச்சியிலிருந்து பத்துப் பாகை அளவில்தான் இருந்தது. டாப்சன் தாங்கியும் அங்கே கொஞ்சம் திணறியிருக்கும். இதற்கு மருந்து எளிது. அரை மணி நேரம் காத்திருந்தால் பொருள் சரிந்துவிடும். அதற்குள் வேறொன்றைப் பார்க்கலாம்.

பொத்தானை அமுக்கினால் தானே தேடிப் பிடிக்கும் கணிப்பொறித் தாங்கிகள் கிடைக்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். நல்லவைதான். ஆனால் அதே விலையில் கண்ணாடி சிறுத்துவிடுகிறது. மின்கலம் தீர்ந்தாலோ மின்சுற்று பழுதானாலோ, பழுது பார்க்க நம் ஊரில் ஆளில்லை. பலகைப் பெட்டி பழுதானால் நம் ஊர்த் தச்சரே போதும். தவிர, எந்த விண்மீன் எங்கே என்று தேடிக் கற்க வேண்டிய வயதில் நாம் இருக்கிறோம்.

செய்ய வேண்டியது

துறைக்கு என் வேண்டுகோள் இதுதான். 6 அங்குல விட்டமும் 1200 மில்லிமீட்டர் குவியத் தூரமும் உள்ள ஆடி ஒன்றை விலைக்கு வாங்கலாம். பொறுமையிருந்தால் நாமே தேய்த்தும் எடுக்கலாம். இரண்டு கண்ணாடி வட்டுகளுக்கிடையே கார்போரண்டம் பொடியும் நீரும் இட்டுத் தேய்த்தால் மேல்வட்டு குழிந்துகொண்டே வரும் என்பது பழகிய வித்தை. முக்கால் அங்குல ஒட்டுப்பலகையில் பெட்டியைச் செய்வோம். 25 மில்லிமீட்டர் வில்லையில் 48 மடங்கு கிடைக்கும். பார்வைப் புலம் ஒரு பாகை. நடுவில் வைத்த பொருள் இரண்டு நிமிடம் நிற்கும். வியாழனின் துணைக்கோள்களையும் சனியின் வளையத்தையும் நிலவின் பள்ளங்களையும் காண அது போதும். டெப்லானின் உராய்வுக் கெழுவை அளப்பதும், எடைமையத்தைக் கணக்கிடுவதும் இரண்டாமாண்டுச் செய்முறைப் பயிற்சியாகவே அமையலாம்.

பெட்டி தயாரானபின் மாதம் ஒருமுறை, வளர்பிறை அஷ்டமியையொட்டி, கல்லூரி வாசலிலேயே அதை வைப்போம். அன்று பாதி நிலவு மாலையிலேயே உயரத்தில் இருக்கும். பள்ளங்களின் நிழல் நன்றாக விழும். திடலுக்குள் வரத் தயங்குபவர்கள்கூட வாசலில் நின்று பார்ப்பார்கள். அரசுக் கல்லூரி மக்கள் பணத்தில் நடப்பது. நாம் கற்பதில் ஒரு துளியையாவது அவர்களுக்குத் திருப்பிக் காட்டக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதல் நாளன்று வேர்க்கடலைப் பாட்டியை நானே போய் அழைத்து வருவேன். ஸ்டூல் வேண்டாம், எட்டும் உயரத்தில்தான் இருக்கும். குழாயைத் தொட்டு நகர்த்தும்படி சொல்வேன். “பாத்துட்டேன் சாமி” என்று அவர் சொன்னால் இம்முறை விட்டுவிட மாட்டேன். வியாழனுக்குப் பக்கத்தில் எத்தனை புள்ளி தெரிந்தது என்று கேட்பேன். சில இரவுகளில் நான்கு தெரியும். சில இரவுகளில் ஒன்று மறைந்து மூன்றுதான் தெரியும். அவர் சொல்லும் எண்ணிக்கை சரியாக இருந்தால், நாம் செய்த தாங்கி சரியாக இருக்கிறது என்று பொருள்.